ஹமில்டன் கால்வாயில் படகேற எந்த மாதம் நல்லது?

தாயகத்துக்கு விடுமுறையில் வரத் திட்டமிடும் அன்பர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று அண்மைக்காலமாக அடிக்கடி காதில் விழுகிறது. "கொழும்புக்குப் பக்கத்தில் ஒல்லாந்தர் கால்வாயில் படகில் போகலாமாமே, எந்த மாதம் வந்தால் நல்லது?" வெள்ளவத்தையில் தங்கி, கொட்டாஞ்சேனையில் உறவினரைப் பார்த்து, நீர்கொழும்பு வழியாகக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குத் திரும்புவோருக்கு இக்கால்வாய் போகிற வழியிலேயே கிடக்கிறது. ஆகவே கேள்வி நியாயமானதே.

விடையை ஒரே சொல்லில் கூறிவிடலாம்: தை. பொங்கல் கழிந்த இரண்டு, மூன்று வாரங்கள். ஆனால் பயண வழிகாட்டி நூல்கள் சொல்லும் காரணம் வேறு, நான் சொல்லும் காரணம் வேறு. அவை வானத்தைப் பார்த்து மாதம் குறிக்கின்றன. கால்வாய்க்கு மாதம் குறிப்பவர் நீரைப் பார்க்கவேண்டும் என்பதே என் கட்சி.

முதலில் கால்வாய் எது என்பதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கோட்டை இராச்சியக் காலத்திலேயே இப்பகுதியில் நீர்வழிகள் இருந்தன என்பர். கறுவா வணிகத்துக்காக ஒல்லாந்தர் அவற்றை விரிவாக்கி, களனி கங்கையையும் நீர்கொழும்புக் களப்பையும் இணைத்து, அதற்கும் வடக்கே சிலாபம், புத்தளம்வரை நீர்ப்போக்குவரத்தை வளர்த்தனர். கறுவா, பாக்கு, கொப்பரை, புத்தளத்து உப்பு ஆகியவை தட்டையான அடிப்பாகம் கொண்ட சரக்குப் படகுகளில் கொழும்புக்கு வந்தன. ஆனால் அவர்கள் வெட்டிய வழியூடாகக் கடல்நீரும் உள்ளே வந்தது. முத்துராஜவெல என்ற பரந்த தாழ்நிலத்தின் நெல்வயல்கள் உவராகிப் பாழாயின. அந்த உப்புநீரை வடித்துவிடும் நோக்குடன் ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த புதிய வெட்டே ஹமில்டன் கால்வாய். வருவாய், வர்த்தகப் பொறுப்பில் இருந்த அரசாங்க முகவர் கவின் ஹமில்டனின் பெயர் அதற்கு இடப்பட்டது. நீளம் ஏறத்தாழ 14.5 கிலோமீற்றர். வத்தளைக்கு அருகே களனி கங்கையில் தொடங்கி, ஹெந்தளை, உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம ஆகிய ஊர்களை ஒட்டி வடக்கே சென்று நீர்கொழும்புக் களப்பின் தென்முனையில் சேர்கிறது. ஒருபுறம் கடலோர மணல்திட்டு, மறுபுறம் முத்துராஜவெல. ஊரில் பலர் இதையும் ஒல்லாந்தர் கால்வாய் என்றே சொல்கின்றனர்.

வெட்டிய நோக்கம் நிறைவேறவில்லை. வயல்கள் மீளவில்லை. நெல் போன இடத்தில் நாணலும் கண்டலும் பறவையும் மீனும் குடியேறின. இன்று நாம் இரசிக்கச் செல்லும் காட்சி, இரண்டு வல்லரசுகளின் பொறியியல் பிழைத்துப்போனதால் விளைந்த காட்சி.

இனி மாதங்களுக்கு வருவோம். கொழும்பின் மழைக் கணக்கு எளியது. நீண்டகாலச் சராசரிப்படி ஜனவரியிலும் பெப்ரவரியிலும் மாதமொன்றுக்கு 100 மில்லிமீற்றருக்கும் குறைவாகவே பெய்கிறது. மே, ஒக்டோபர், நவம்பர் ஆகிய மூன்று மாதங்களிலும் தலா 300 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது. ஆகவே டிசம்பர் முதல் மார்ச் வரை வாருங்கள், மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கரைப் பக்கமே வராதீர்கள் என்று வழிகாட்டி நூல்கள் எழுதுகின்றன. ஹோட்டல்காரரின் விலைப்பட்டியலும் இதையே பின்பற்றுகிறது.

இக்கணக்கில் இரண்டு குறைகள் உண்டு.

முதலாவது, மார்ச் மாதம் வானுக்கு நல்லது, கால்வாய்க்கு நல்லதன்று. மழை ஓய்ந்து இரண்டு மாதம் கழிந்தால் களனியில் நீர் இறங்கிவிடுகிறது. கடுமையான வரட்சியில் கடல் உப்பு ஆற்றில் ஏறி, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளைவரை எட்டுவதும், அதைத் தடுக்க ஆற்றின் குறுக்கே மணல்மூட்டைத் தடுப்பு இடுவதும் நாம் அறிந்ததே. ஆற்றின் கதி அதுவானால் அதிலிருந்து பிரியும் கால்வாயின் கதியைச் சொல்லவேண்டியதில்லை. ஓட்டம் நின்ற நீரில் கரையோர வீடுகளின் கழிவும், சிறு தொழிற்சாலைகளின் கழிவும், பொலித்தீன் பைகளும் அப்படியே தங்கிவிடும். நடுப்பகலில் ஹெந்தளைப் பாலத்தருகே நின்றாலே மூக்கு உண்மையைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, ஜூலை, ஓகஸ்ட் மாதங்களை மே மாதத்தோடு சேர்த்துக் கட்டியது. தென்மேல் பருவக்காற்று வீசும் காலம் என்ற ஒரே காரணத்தால் இம்மாதங்களும் ஒதுக்கப்படுகின்றன. ஆனால் கொழும்புக் கரையில் ஜூலை, ஓகஸ்டில் மாதமொன்றுக்குப் பெய்வது ஏறத்தாழ 120 மில்லிமீற்றர்தான். மே மாதத்தின் மூன்றிலொரு பங்கு. கடல் கொந்தளிக்கும் என்பது உண்மை. கால்வாயோ மணல்திட்டுக்கு உள்ளே இருக்கிறது. மேகமூட்டமான வானமும் கடற்காற்றும் படகில் இருப்பவருக்குச் சுகமே. கேரளத்தவர் ஆலப்புழையின் புன்னமடக் காயலில் தங்கள் புகழ்பெற்ற வள்ளப் போட்டியைப் பொதுவாக ஓகஸ்டில்தான் நடத்துகின்றனர். நேரு 1952இல் வந்துபோனதன் நினைவாகத் தொடங்கிய போட்டி அது. மழைக்காலம் என்று அவர்கள் வள்ளங்களைக் கரையில் கவிழ்த்து வைப்பதில்லை. கனடாவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகளின் பாடசாலை விடுமுறை ஜூலை, ஓகஸ்டில் வருவதால், எம்மவருட் பலர் வரக்கூடிய மாதங்கள் அவைதாம். தயங்காமல் வாருங்கள் என்பேன். குளிர்நாட்டுப் பறவைகளை மட்டும் அப்போது காணமுடியாது.

அப்படியானால் தை ஏன்? ஒக்டோபர், நவம்பர் மழை கால்வாயையும் சதுப்பையும் அலசிக் கழுவிவிடுகிறது. தேங்கிய அழுக்கு களப்புக்கும் கடலுக்கும் போகிறது. அது அங்கே என்ன செய்கிறது என்பது வேறு கவலை. டிசம்பரில் மழை தணிகிறது, ஆனால் விட்டபாடில்லை. ஜனவரி நடுப்பகுதியில் வானம் வெளுத்துவிடும். சதுப்பில் தேங்கிய நன்னீர் கால்வாய்க்குள் இன்னும் கசிந்துகொண்டிருக்கும். வடக்கிலிருந்து வலசை வந்த ஆலாக்கள் நீர்மேல் பறக்கும். உள்ளூர் மீன்கொத்தியும் செந்நாரையும் நீர்க்காகமும் எப்போதும் உண்டு. கபரகொய்யா கரையில் வெயில் காயும். முதலையும் இருக்கிறது, எனினும் காண்பவர் சிலரே. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நம் முன்னோர் சொன்னது நீர்வழிக்கும் பொருந்துகிறது.

ஆகாயத்தாமரையைப் பற்றியும் சொல்லவேண்டும். நன்னீர் பெருகும் காலத்தில் அது தழைத்துப் படகின் விசிறியில் சிக்கும். இச்செடியை ஒழிப்பதற்கென்றே 1909இல் இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. நூறு ஆண்டு கடந்தும் செடி செழிப்பாகவே இருக்கிறது. நம் நாட்டில் சட்டத்துக்கும் செடிக்கும் நடக்கும் போட்டியில் வெல்வது எது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இவ்வளவும் வருபவருக்கான நாட்காட்டி. கரையில் இருப்பவருக்கு வேறொரு நாட்காட்டி உண்டு. அதைப் பேசாமல் இவ்விடயத்தை முடிப்பது நேர்மையாகாது.

ஹெந்தளையும் வத்தளையும் இன்று தமிழர் கணிசமாக வாழும் இடங்கள். கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் வாடகை கட்டமுடியாதவர்களும், சொந்தமாக ஒரு துண்டு நிலம் தேடியவர்களும் களனியைக் கடந்து இங்கே வந்தனர். நிலம் மலிவாக இருந்ததற்குக் காரணம் அது தாழ்ந்திருந்ததே. அவர்கள் மாதத்தைக் கணக்கிடுவது சவாரிக்காக அன்று. மே பிறந்தாலும் ஐப்பசி பிறந்தாலும் நாகலகம் வீதி அளவுமானியில் களனியின் மட்டம் எத்தனை அடி என்றுதான் கேட்பார்கள். கொழும்பில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கித்துல்கல மலைப்பக்கம் பெய்த மழை பின்னர் இங்கே வீட்டு வாசலுக்கு வரும். 2016 மே, 2024 ஜூன், 2025 நவம்பர் ஆகிய வெள்ளங்கள் எல்லாம் இக்கணக்குக்கு உட்பட்டவையே. கடைசியாகச் சொன்னது டித்வா சூறாவளியோடு வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனது. பத்திரிகை மேசையில் இருந்த காலத்தில் "களனி பெருக்கெடுப்பு, தாழ்நில மக்கள் இடம்பெயர்வு" என்ற தலைப்பை ஆண்டை மட்டும் மாற்றிப் பலமுறை பக்கம் கட்டியவன் நான். செய்தியில் புதிதாக எதுவும் இருப்பதில்லை. நீர் நிற்கும் இடம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு சற்று உயர்கிறது.

ஏன் உயர்கிறது? நீர் தங்கவேண்டிய இடத்தை நாம் நிரப்பிக்கொண்டிருப்பது முக்கியமான ஒரு காரணம். முத்துராஜவெல ஏறத்தாழ 3,000 ஹெக்டயர் பரப்புள்ள பஞ்சு. மழையை உறிஞ்சி வைத்து மெல்ல விடுவது அதன் வேலை. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2003இல் வெளியிட்ட ஆய்வு, இச்சதுப்பு தரும் பயன்களைப் பணத்தில் மதிப்பிட்டபோது வெள்ளத் தணிப்பே அவற்றுள் மிகப் பெரியது எனக் கண்டது. வடபகுதி 1996இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தென்பகுதிக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. கெரவலப்பிட்டியில் கடல்மணல் கொட்டி நிலம் உயர்த்தப்பட்டது, மின்நிலையங்கள் எழுந்தன. 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்ட கட்டுநாயக்கா அதிவேகப் பாதை இச்சதுப்பினூடாகவே போகிறது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து மக்கள் மாண்டபின், கொழும்பின் குப்பை இப்பக்கம் திருப்பப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. மின்சாரமும் வேண்டும், பாதையும் வேண்டும், குப்பைக்கும் இடம் வேண்டும். ஆனால் வெள்ளத்துக்கும் ஓர் இடம் வேண்டும் என்று எவரும் கோப்பில் எழுதவில்லை.

2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரம் என்ற சர்வதேசத் தகுதியைப் பெற்றது. பெருமைப்படவேண்டிய செய்திதான். அந்தப் பெருமை களனியின் வடகரைக்கும் நீளவேண்டும்.

சதுப்பு போனால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையைப் பாருங்கள். பக்கிங்ஹாம் கால்வாயும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டத் தொடங்கியதுதான். ஆந்திரத்திலிருந்து மரக்காணம் பக்கம்வரை 400 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட நீர்வழி. உப்பும் நெல்லும் விறகும் அதில் போயின. பின்னர் நகருக்குள் அது சாக்கடையாயிற்று. பறக்கும் இரயிலின் தூண்களை அதன் நடுவிலேயே நட்டார்கள். சென்னை நகருக்குள் அக்கால்வாயில் படகேற எந்த மாதம் நல்லது என்று இன்று எவரும் கேட்பதில்லை. நம் கால்வாயைப் பற்றி அப்படிக் கேட்க இன்னும் ஆள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது.

ஆகவே வருபவர்களுக்கு என் பரிந்துரை இது. முடிந்தால் ஜனவரி பிற்பாதி. பாடசாலை விடுமுறை மட்டுமே வாய்க்குமானால் ஜூலை, ஓகஸ்ட். மே நடுப்பகுதி முதல் ஜூன் தொடக்கம் வரையும், ஒக்டோபர், நவம்பரிலும் வேண்டாம். அந்நாட்களில் கரையிலுள்ளவர் வீட்டுச் சாமான்களை உயரத்தில் ஏற்றிக்கொண்டிருப்பர். அதைப் படகிலிருந்து படம்பிடிப்பது அழகன்று. எந்த மாதமானாலும் புறப்படும் முன் நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் களனி நீர்மட்டத்தைப் பாருங்கள். காலை ஆறு, ஆறரைக்குப் படகேறுங்கள். ஒன்பது மணிக்குப் பின் பறவையும் இல்லை, நிழலும் இல்லை. உயிர்காப்பு அங்கி தராத படகில் ஏறாதீர்கள். பமுனுகமப் பக்கம் சதுப்புக்குள் நுழைந்ததும் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். இயலுமானால் களப்பு மீனவர் ஒருவரின் படகையே அமர்த்துங்கள். நீர்கொழும்புக் கரையில் மீனவர் சிலர் வீட்டில் இன்றும் தமிழ் பேசுகின்றனர். அவர்களின் தமிழைக் கேட்பதும் இப்பயணத்தின் பயன்களுள் ஒன்று.

திரும்பிப் போனபின் ஒன்று செய்யுங்கள். ஹெந்தளையிலோ வத்தளையிலோ உறவினருக்கு நிலம் வாங்கப் பணம் அனுப்புவோர் உங்களுள் பலர் இருக்கிறீர்கள். அந்த நிலம் எதை நிரப்பி எடுத்தது என்று ஒருமுறை கேளுங்கள். நிரப்பிய சதுப்பு என்றால் வாங்காதீர்கள். விலை மலிவாக இருக்கும். மீதித் தொகையை உங்கள் உறவினர் ஐப்பசிதோறும் கட்டவேண்டியிருக்கும்.