ஃபில்டர் இருக்கான்னு கேக்காதீங்க, கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணீங்கன்னு கேளுங்க

1/ கல்பாக்கம், கூடங்குளம் பத்தி யார் பேசினாலும் ஒரு பதில் ரெடியா இருக்கும்: "உள்ள இருக்கிற காத்து ஃபில்டர் ஆகித்தான் வெளிய வருது." உண்மைதான். ஆனா அது பாதி பதில். மீதிப் பாதி பத்தி இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ கொரோனா நேரத்துல எல்லாரும் என்95 மாஸ்க் போட்டோம். மாஸ்க் துணி நல்லதுதான். ஆனா மூக்கு ஓரத்துல சந்து இருந்தா? காத்து சுலபமான வழியிலதான் போகும். துணி 95% தடுத்தும் பிரயோஜனம் இல்ல. அணு உலை ஃபில்டரும் இதே கதைதான். பெரும்பாலும் பிரச்சினை ஃபில்டர் தாள்ல வராது, அதைச் சுத்தி இருக்கிற ரப்பர் கேஸ்கெட்ல வரும்.

3/ அங்க பயன்படுறது ஹெப்பா ஃபில்டர். 1940கள்ல அமெரிக்கா அணுகுண்டு செஞ்ச காலத்துல பிறந்த தொழில்நுட்பம். நம்ம ஆபரேஷன் தியேட்டர்லயும் இதான். 0.3 மைக்ரான் துகள்ல 99.97% பிடிக்கணும். ஏன் 0.3? பெரிய துகள் நார்ல மோதி ஒட்டிக்கும். ரொம்பச் சின்னது அங்கயும் இங்கயும் அலைஞ்சு ஒட்டிக்கும். நடு சைஸ்தான் நழுவிப் போகும். அதனால அந்த சைஸ்ல பாஸ் பண்ணாத்தான் பாஸ்.

4/ ஆனா ஹெப்பா தூசியை மட்டும்தான் பிடிக்கும். அயோடின்-131 வாயுவாவும் வரும். உள்ள போனா நேரா தைராய்டுல போய் உட்காரும், குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். அதைப் பிடிக்க ரசாயனம் ஏத்தின கரி ஃபில்டர் வேணும். கரிக்கு எதிரி ஈரக்காத்து. நம்ம ரெண்டு நிலையமும் கடற்கரையில. கெட்டுப்போன கரியும் நல்ல கரியும் பார்க்க ஒரே மாதிரி கறுப்பு. மாதிரி எடுத்து லேப்ல பார்த்தாத்தான் தெரியும்.

5/ கல்பாக்கத்துல கனநீர் உலைகள் இருக்கு. அதுல உண்டாகிற டிரிடியம் நீராவியோட கலந்து வரும். ஹெப்பா, கரி ரெண்டுமே அதைப் பிடிக்காது. ஈரத்தை உறிஞ்சுற டிரையர் வேணும். "ஃபில்டர் இருக்கு"ன்னு யாராவது சொன்னா முதல் கேள்வி: எதுக்கான ஃபில்டர்?

6/ ஃபில்டர் எவ்வளவு முக்கியம்னு 1957 அக்டோபர்ல இங்கிலாந்து பார்த்துச்சு. விண்ட்ஸ்கேல் உலை தீப்பிடிச்சுது. சிம்னி உச்சியில ஃபில்டர் வச்சே ஆகணும்னு விஞ்ஞானி ஜான் காக்கிராஃப்ட் முன்னாடியே அடம்பிடிச்சிருந்தார். "காக்கிராஃப்டின் கோமாளித்தனம்"னு கிண்டல் பண்ணாங்க. தீ விபத்துல கதிரியக்கத் தூசியில பெரும்பகுதியைப் பிடிச்சது அந்த ஃபில்டர்தான். ஆனா அயோடின் தப்பிச்சுது. சுமார் 500 சதுர கிலோமீட்டர்ல கறந்த பாலைக் கீழ ஊத்தினாங்க.

7/ சரி, ஃபில்டரை எப்படிச் சோதிக்கிறாங்க? ஒண்ணு, ஃபில்டருக்கு முன்னாடியும் பின்னாடியும் காத்தழுத்த வித்தியாசம். ஏறினா அடைப்பு, திடீர்னு இறங்கினா கிழிசல். ரெண்டு, மாட்டின இடத்துலயே டெஸ்ட். ஒரு பக்கம் மெல்லிய எண்ணெய்ப் புகை விட்டு, மறுபக்கம் எவ்வளவு வருதுன்னு கருவி வச்சு அளப்பாங்க. கேஸ்கெட் சந்து இதுலதான் மாட்டும். கம்பெனி சர்டிஃபிகேட் இதைச் சொல்லாது.

8/ ஆஸ்பத்திரியில ஆட்டோகிளேவ் ஓடுச்சுன்னு சொன்னா மட்டும் நாங்க நம்ப மாட்டோம். உள்ள வச்ச இண்டிகேட்டர் கலர் மாறியிருக்கணும். அப்பப்போ கிருமி வித்து வச்சும் சோதிக்கணும். தேதி, ரிசல்ட், கையெழுத்து எல்லாம் ரெஜிஸ்டர்ல இருக்கணும். ஆஸ்பத்திரிக்கே இவ்வளவுன்னா?

9/ "கொல்லிமலை டாக்டருக்கு இது எதுக்கு?"ன்னு கேப்பீங்க. மலையிலிருந்து பசங்க கான்ட்ராக்ட் வேலைக்கு எங்கெங்கயோ இறங்கிப் போறாங்க. ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டுக்கு எங்ககிட்டதான் வர்றாங்க. என்ன வேலைன்னு கேட்டா "மெயின்டனன்ஸ் சார்", அவ்வளவுதான் தெரியும். அணுமின் நிலையத்துல பழைய ஃபில்டர் மாத்துறதும் மெயின்டனன்ஸ்தான். ஊருக்குள்ள வராம தடுத்த அத்தனையும் அந்தப் பழைய ஃபில்டர்லதான் இருக்கு.

10/ நம்ம நாட்டு விதிப்படி தொழிலாளிக்கு 5 வருஷச் சராசரி வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷமும் 30 தாண்டக்கூடாது. பொதுமக்களுக்கு 1. சட்டையில மாட்டுற டிஎல்டி பேட்ஜ் அதைக் கணக்கு வைக்கும். அந்தக் கணக்கு கான்ட்ராக்ட் முடியும்போது தொழிலாளி கையில தமிழ்ல வரணும். பத்து வருஷம் கழிச்சு நோயோட வந்தா டாக்டருக்கு முதல்ல வேண்டியது அந்தத் தாள்தான்.

11/ கூடங்குளத்துல இரட்டைச் சுவர். நடு இடைவெளிக் காத்தைக் கரன்ட் இல்லாமலே ஃபில்டர் வழியா இழுக்கிற ஏற்பாடும் இருக்கு. நல்ல டிசைன், பாராட்டுறேன். ஆனா டிசைன் காகிதத்துல பழசாகாது. கேஸ்கெட் ஆகும்.

12/ "ரகசியம், சொல்ல முடியாது"ம்பாங்க. 2012ல கூடங்குளம் பாதுகாப்பு ஆய்வறிக்கையைக் கொடுங்கன்னு மத்திய தகவல் ஆணையம் சொன்னப்போ, அணுமின் கழகம் கோர்ட்டுக்குப் போச்சு. வரைபடம் ரகசியமா இருக்கட்டும். டெஸ்ட் பண்ண தேதியும் பாஸா ஃபெயிலாங்கிறதும் என்ன ரகசியம்? வருஷ மொத்த வெளியேற்றக் கணக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய அறிக்கையில வருதே, இது மட்டும் ஏன் கூடாது?

13/ அணு மின்சாரம் வேணுமா வேண்டாமாங்கிற சண்டைக்கு நான் வரல. ரெண்டு கட்சிக்கும் பொதுவா ஒரு கோரிக்கை: எந்த ஃபில்டர், எப்போ டெஸ்ட், ரிசல்ட் என்ன, எப்போ மாத்துனீங்க. ஒரே பக்கம், தமிழ்ல, சுத்துப்பட்டு ஊர் பஞ்சாயத்து போர்டுல. இடிந்தகரை அம்மா ஒருத்தங்க மீன் விக்கப் போற வழியில அதைப் படிச்சுட்டுப் போகணும்.

ஃபெயில்னு ஒரு தடவை எழுதிப் போட்டு, "மாத்திட்டோம்"னு அடுத்த வரி எழுதுங்க. நூறு தடவை "பாதுகாப்பானது"ன்னு சொல்றதைவிட மக்கள் அதைத்தான் நம்புவாங்க.