நிலவேம்பு குடிச்சா செல் கூலாகுமா?

கூரத்துல இருந்து தினமும் பஸ் பிடிச்சு காஞ்சிபுரத்துல காலேஜ் போறீங்கன்னு வெச்சுக்குவோம். எம்.எஸ்சி. பயோடெக், கடைசி செமஸ்டர். தறிக்குழியில உட்கார்ந்தே வயசைக் கழிச்ச தாத்தா கேட்கிறார்... ''ப்ராஜெக்ட்டு என்னப்பா?''

''நிலவேம்புச் சாறு அழற்சியைக் குறைக்குதான்னு பார்க்கிறேன் தாத்தா.''

''அப்போ என் முட்டி வலிக்கு மருந்து வந்தாச்சுன்னு சொல்லு!''

வந்தாச்சா? அதான் பாஸ் இந்த வார மேட்டர்!

நிலவேம்பு நமக்குப் பழைய தோஸ்துதான். 2012-ல் டெங்கு பரவினப்போ தமிழக அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. சுக்கு, மிளகு, வெட்டிவேர், சந்தனம்னு மொத்தம் ஒன்பது சரக்கு சேர்ந்த சித்த மருந்து அது. ஒரு மடக்கு குடிச்சதும் மூஞ்சி அஷ்டகோணலா போகுமே... அந்தக் கசப்புக்கு முக்கியக் காரணம் 'ஆண்ட்ரோகிராஃபோலைடு'ங்கிற பொருள். லேப்ல ஹீரோவே இவர்தான்.

வில்லன் யாரு? உண்மையில வில்லனே கிடையாது. மேக்ரோஃபேஜ்னு ஒரு நோய் எதிர்ப்பு செல். கிருமியை அப்படியே விழுங்கற ஆசாமி. கிருமியோட வாசனை பட்டதும் உள்ளே 'என்.எஃப். கப்பா பி'ன்னு ஒரு புரதம் முழிச்சுக்கும். இதை 1986-ல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டுபிடிச்சாங்க.

அது என்ன பண்ணும்? உங்க வீட்டுத் தறியையே பாருங்க. பாவுல ஆயிரக்கணக்குல இழை இருந்தாலும், எது மேல எழும்பணும்னு ஜக்கார்டு அட்டைதானே சொல்லுது? அதே வேலைதான். எந்த ஜீன் எழும்பணும்னு இந்தப் புரதம் சொல்லும். உடனே டி.என்.எஃப்., நைட்ரிக் ஆக்ஸைடு எல்லாம் வெளியே வரும். அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். இதுதான் அழற்சி. கிருமி வந்தா இது கண்டிப்பா வேணும். அடங்க வேண்டிய நேரத்துல அடங்காம போனாதான் தலைவலி.

ஆண்ட்ரோகிராஃபோலைடு அந்தப் புரதத்துல 'பி50'ங்கிற துண்டுல போய் ஒட்டிக்குது. அதனால டி.என்.ஏ.வைப் பிடிக்க முடியலைன்னு 2004-ல் ஓர் ஆய்வு காட்டினது. அட்டையோட துளையில பேப்பர் ஒட்டின மாதிரி!

இப்போ உங்க லேபுக்கு வருவோம். பெரும்பாலும் கைக்குக் கிடைக்கிறது ரா 264.7-ங்கிற எலி செல். 1978-ல் ஒரு சுண்டெலியோட புற்றுக்கட்டியில இருந்து உருவாக்கின வம்சம். அதுக்கு பாக்டீரியாவோட வெளிச்சுவர்ப் பொருளைக் கொடுத்துச் சீண்டுவீங்க. சாறு ஊத்துவீங்க. அப்புறம் கிரீஸ் கரைசல். நைட்ரிக் ஆக்ஸைடு நிறைய வந்திருந்தா நல்ல பிங்க். குறைவா இருந்தா வெளிறின பிங்க்.

பிங்க் வெளிறிடுச்சா? அவசரப்பட்டு விசில் அடிக்காதீங்க. செல் அமைதியானாலும் பிங்க் வெளிறும். செல் செத்துட்டாலும் வெளிறும்! செத்த செல் எதை வெளியிடும் சொல்லுங்க? அதனால 'எம்.டி.டி.' சோதனை கட்டாயம். உயிரோட இருக்கிற செல் அதுல ஊதா நிறம் காட்டும். சாறு இல்லாம, அதைக் கரைச்ச திரவத்தை மட்டும் ஊத்தின ஒரு குழியும் வேணும். இது ரெண்டும் இல்லாத கிராஃப் எவ்வளவு அழகா இருந்தாலும் வெறும் கோலம்தான்.

சரி, எல்லாம் பக்காவா வந்தாச்சு. தாத்தாகிட்ட என்ன சொல்றது?

முதல் விஷயம், அது எலி செல். தாத்தா எலி இல்லை. ரெண்டாவது, தட்டுல மருந்து நேரா செல் மேல விழுது. தாத்தா குடிச்சா குடலைத் தாண்டணும், கல்லீரலைத் தாண்டணும், அப்புறம்தான் ரத்தம். போய்ச் சேர்றது கொஞ்சூண்டுதான். மூணாவது, அவர் முட்டி தேய்மானமா, முடக்குவாதமா? ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும்.

இதுல விளையாட்டு வேண்டாம். 'லேப்ல நிரூபிச்சாச்சு'ன்னு நீங்க ஒரு வார்த்தை விட்டா, தாத்தா மாத்திரையை நிறுத்திட்டுக் கஷாயத்தைப் பிடிச்சுக்குவார். படிச்ச பேரன் சொன்னா தெருவே நம்பும். டெங்குல காய்ச்சல் இறங்கற நேரம்தான் ஆபத்தான நேரம். 'கஷாயம் வேலை செஞ்சிடுச்சு'ன்னு அப்போ வீட்டுலயே படுத்திருந்தா உயிருக்கே உலை.

அதுக்காக ப்ராஜெக்ட்டைத் தூக்கிப் போடணுமா? ஐயோ, வேண்டவே வேண்டாம்! நல்ல மருந்துகளோட கதை இப்படிச் சின்னத் தட்டுலதான் ஆரம்பிக்குது. முதல் படியைக் கடைசிப் படின்னு சொல்லாம இருந்தா போதும்.

உங்க கூரத்துல கிடைச்ச செப்பேடு தெரியும்தானே? ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன் பரமேஸ்வரவர்மன் கோயிலுக்குக் கொடுத்த கொடையைச் சொல்றது. நிலம் கொடுத்தேன்னு மட்டும் சொல்லி நிறுத்தலை. அதோட எல்லை எது எதுன்னும் பொறிச்சு வெச்சாங்க.

உங்க ப்ராஜெக்ட்லயும் கடைசிப் பக்கத்துல எல்லையை எழுதிடுங்க. 'எலி செல்லில், இந்த அளவில், இத்தனை மணி நேரத்தில், இவ்வளவு குறைந்தது.' அவ்வளவுதான். வைவாவுல கேள்வி கேட்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார்.

தாத்தாவுக்கு? ''எலி செல்லுக்குக் கோபம் குறைஞ்சிருக்கு தாத்தா. உங்க முட்டிக்கு டாக்டர்கிட்ட போவோம், கிளம்புங்க''ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க.