மணமாலை கட்டிய நாடுகள்

மன்னன் மகளைக் கொடுத்தான். மண் இரண்டும் ஒன்றாயின! வரலாறு என்ற பெயரில் இப்படித்தான் நமக்குக் கதை கூறப்படுகிறது. மகள் எங்கே, மண் எங்கே? இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் தாம்பூலம் மாற்றிய கோலத்தைக் காணீர், தோழர்களே!

முதலாம் இராசராசன் மகள் குந்தவை, வேங்கி நாட்டு விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் மகன் இராசராச நரேந்திரனுக்கு, இராசேந்திரன் மகள் அம்மங்கை. அவள் மகனுக்கு, இரண்டாம் இராசேந்திரன் மகள் மதுராந்தகி. மூன்று தலைமுறை, மூன்று பெண்கள், மூன்று முடிச்சுகள்! அந்த மூன்றாம் மணமகன்தான் 1070இல் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன். காவிரியும் கோதாவரியும் ஒரு குடைக்கீழ் வந்தன என்று களிப்போர் உளர். காவிரிக்கரை உழவனைக் கேட்டனரா? கோதாவரிக்கரை நெசவாளியைக் கேட்டனரா? மதுராந்தகியையேனும் கேட்டனரா?

குலோத்துங்கன் கொடியவன் என்று கூறவில்லை. ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றவன் அவன். வேங்கியை ஆளத் தன் மக்களையே ஒருவர்பின் ஒருவராக அனுப்பினான். ஆனால், அவன் தந்தையின் அவையில் நன்னயர் தெலுங்கில் பாரதம் பாடத் தொடங்கியிருந்தார். அங்கே தெலுங்கு தழைத்தது. இங்கே தமிழ் தழைத்தது. ஒன்றானது முடி, ஒன்றாகவில்லை குடி! 1118 வாக்கில் வேங்கியிலிருந்த விக்கிரம சோழன் தெற்கே திரும்பினான். வேங்கி மேலைச் சாளுக்கியர் கைக்குப் போயிற்று. ஆள் நகர்ந்தான், முடிச்சு அவிழ்ந்தது!

மேற்றிசையிலும் இக்கூத்து உண்டு. 1137இல் அரகான் மன்னன் தன் மகள் பெத்ரோனிலாவைப் பார்சிலோனாக் கோமகன் இரமோன் பெரெங்கேருக்கு உறுதி செய்தான். மணமகளுக்கு வயது ஒன்று! தொட்டிலில் கிடந்த குழந்தையை வைத்து இரு நாடுகளை இணைத்தனர். எனினும் அவ்விணைப்பு நூற்றாண்டுகள் நின்றது. ஏன்? அரகானுக்கு அரகான் சட்டம், கத்தலோனியாவுக்குக் கத்தலோனியச் சட்டம். அவரவர் மன்றம் அவரவர்க்கு. 1714இல் பார்சிலோனாவை வீழ்த்திய ஐந்தாம் பிலிப்பு, 1716இல் அம்மன்றத்தையும் சட்டத்தையும் ஒழித்தான். அன்று விழுந்த புண் இன்றும் ஆறவில்லை.

நம் மண்ணில் வெள்ளையனும் கேளாமலே கட்டினான். தமிழரையும் தெலுங்கரையும் சென்னை மாகாணம் என்ற ஒரே மூட்டையில் முடிந்தான். அது அவிழ்ந்த கதையை அறிய, ஆழ்வார்பேட்டை இளைஞர்கள் ஏடு தேடி அலைய வேண்டா. அருகே இராயப்பேட்டை நெடுஞ்சாலைக்கு நடந்தால் போதும். அங்கே நிற்கிறது பொட்டி சிறீராமுலுவின் நினைவில்லம். 58 நாள் உண்ணாதிருந்து, 1952 டிசம்பர் 15இல் அவர் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் பிறந்தது. சென்னை நகரும் தமக்கே வேண்டுமென்று ஆந்திரத் தலைவர்கள் கேட்டதை நாம் ஒப்பவில்லை. ஆனால் தம் மொழிக்குத் தனி மாநிலம் கேட்ட உரிமையை எவர் மறுக்க முடியும்?

பிரிந்தால் பகை வரும் என்று அஞ்சினோர் கேட்கட்டும்! 1983இல் இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்தன; 1996இல் கிருட்டிணை நீர் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. மூன்று இளவரசிகளைக் கொடுத்து வாங்கியும் வாராத ஆறு, சமமாய் அமர்ந்து பேசியதும் வந்தது! ஒரே நாடு, ஒரே மொழி என்று முழங்குவோரே, முடிச்சுப் போடுமுன் மக்களைக் கேளுங்கள். கேட்டுக் கட்டிய உறவே நிலைக்கும். கேளாது கட்டியது, கட்டியவன் கை தளரும் வரைதான்!