குண்டு போட்டால் வரம்புக்கு வெளியே!

ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு ஒரு வசதி உண்டு. ஒரு வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று தகராறு வந்தால், அதையும் அதுவேதான் தீர்மானிக்கும். ஐரோப்பிய உடன்படிக்கையின் 32-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. குற்றம் சாட்டப்பட்ட நாட்டிடமே போய் "ஐயா, உங்களை விசாரிக்கலாமா?" என்று கேட்டால் எந்த நாடு சம்மதிக்கும்?

என் கோபமெல்லாம், கையில் இருக்கும் அளவுகோலை அது வழக்குக்கு வழக்கு நீட்டிச் சுருக்குவதில்தான்.

தன் "அதிகார வரம்புக்குள்" இருக்கும் எல்லோருக்கும் உரிமைகளை உறுதி செய்ய வேண்டும் என்கிறது 1-வது பிரிவு. யார் வரம்புக்குள்?

1999 ஏப்ரல் 23 அன்று நேட்டோ விமானங்கள் பெல்கிரேடில் செர்பியத் தொலைக்காட்சி நிலையத்தின் மேல் குண்டு போட்டன. 16 பேர் பலி. அதுதான் பாங்கோவிச் வழக்கு. 2001-ல் நீதிமன்றம் அதை விசாரணைக்கே எடுக்கவில்லை. வானத்திலிருந்து குண்டு போட்டதாலேயே கீழே இருப்பவர் வரம்புக்குள் வந்துவிட மாட்டாராம்!

2011-ல் அல்-ஸ்கெய்னி வழக்கு. ஈராக்கின் பஸ்ராவில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் நடவடிக்கைகளில் இறந்தவர்கள் வரம்புக்குள் வந்தார்கள். நல்லது. ஆனால் 2021-ல் ஜார்ஜியா தொடுத்த வழக்கில், 2008 ஆகஸ்டு 8 முதல் 12 வரை சண்டை உக்கிரமாக நடந்த நாட்களில் ரஷ்யாவுக்கு வரம்பே இல்லை என்றது. ஏன்? ஒரே குழப்பமாம்.

அதாவது, ஒருவரைப் பிடித்து வைத்து அடித்தால் பொறுப்பு உண்டு, தூரத்திலிருந்து குண்டு போட்டால் இல்லை. எவ்வளவு தூரமோ அவ்வளவு பாதுகாப்பு, செத்தவனுக்கு அல்ல, கொன்றவனுக்கு!

பாதிக்கப்பட்டவர்கள் ஏராளம், ஆதாரங்கள் மலைபோல், உண்மையைக் கண்டறிவது கஷ்டம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. இருக்கட்டும். ஆனால் அதெல்லாம் வழக்கை நிரூபிப்பதில் உள்ள கஷ்டம். நிரூபிப்பது கஷ்டம் என்பதால் அதிகாரமே இல்லை என்று எப்படி ஆகும்?

2025 ஜூலை 9 அன்று உக்ரைன் வழக்கில், ரஷ்யாவின் ராணுவத் தாக்குதல்களும் வரம்புக்குள் வரும் என்றது நீதிமன்றம். வரவேற்கிறேன். ஆனால் 2022-லேயே ரஷ்யா ஐரோப்பிய கவுன்சிலிலிருந்து வெளியேற்றப்பட்டாயிற்று. உறுப்பு நாடாக இருந்தபோது வராத தைரியம், வெளியே போன பிறகு வருகிறது!

நாளைக்கு இன்னும் உறுப்பினராக இருக்கும் ஒரு நாடு இதே போல் குண்டு போட்டால், அப்போதும் இதே அளவுகோல்தானா? அந்தத் தீர்ப்பைப் பார்த்துவிட்டுத்தான் நான் கை தட்டுவேன்.