கோட்டை தராத உரிமை

1714-இல் செஞ்சி மன்னன் தேசிங்கு போரில் மாண்டான். அவன் இளமனைவி உடன்கட்டை ஏறினாள் என்பர். முடியாட்சியில் அரசும் சடங்கும் ஒன்றையொன்று தாங்கின. ஏனென்று கேட்கப் பெண்ணுக்கு வாயில்லை. 1830-இல் வெள்ளையராட்சி சென்னை மாநிலத்தில் உடன்கட்டையைத் தடை செய்தது. அக்கட்டளை சாவைத் தடுத்தது, உடைமையுரிமை தந்திலது.

உரிமைக் குரல் மக்களிடமிருந்தே எழுந்தது. பெண்ணுக்கு ஆணோடொத்த உடைமையுரிமை வேண்டுமென 1929-இல் செங்கற்பட்டுத் தன்மதிப்பு இயக்க மாநாடு முழங்கிற்று. இறைமறுப்பாளர் சடங்கின்றி நடத்திய திருமணம் செல்லாதென 1953-இல் சென்னை உயர்முறைமன்றம் தீர்த்தது. மக்கள் தேர்ந்த அண்ணா அரசோ 1967-இல் அதனைச் செல்லத்தக்கதாக்கச் சட்டம் இயற்றிற்று. முன்னோர் உடைமையில் மகளுக்கும் ஒத்த பங்கு 1989-இல் தமிழகத்தில் சட்டமாயிற்று.

கட்டளையொன்றே போதுமெனின் அல்பேனியாவை நோக்குக. 1967-இல் அவ்வரசு வழிபாட்டிடங்களையெல்லாம் மூடிற்று. 1990-இல் மக்கள் மீண்டும் வழிபடத் தொடங்கினர். வாயடைக்கும் ஆட்சி, இறைவன் பெயராலாயினும் இறைமறுப்பின் பெயராலாயினும், பகுத்தறிவை வளர்க்காது.

கேட்கவும் மறுக்கவும் இடந்தருவது மக்களாட்சியே. ஆயினும் செங்கற்பட்டுக் குரல் சட்டமாக அறுபதாண்டு ஆயிற்று. ஆட்சி வழிதான் விடும். நடக்க வேண்டியவர் தமிழரே!