பழைய ஜீப்பு நடுங்கினால் பர்ஸைத் திறக்காதீர்கள்

தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாலு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி ஒன்று ஓட்டத்தில் நடுங்க ஆரம்பித்தால், நம் ஊரில் அதற்கு ஒரு சடங்கு இருக்கிறது. முதலில் வீல் பேலன்சிங். போகவில்லையா? அலைன்மென்ட். அப்படியும் போகவில்லையா? ரெண்டு புது டயர். அப்புறம் யூ.ஜே. கிராஸ், அப்புறம் கிளட்ச் பிளேட், அப்புறம் இன்ஜின் மவுண்டிங்... கடைசியில் நடுக்கம் நிற்கும், அல்லது ஓனருக்கு அது பழகிவிடும். நின்றாலும் எதை மாற்றியதால் நின்றது என்று யாருக்கும் தெரியாது. இதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை மக்களே, குலுக்கல் சீட்டு.

என் கட்சி இதுதான்: நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை, ஒரு பாகம்கூட வாங்காமல், ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். நாம் அதைச் செய்வதில்லை. ஏன் செய்வதில்லை என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் எந்த வண்டி என்று சொல்லிவிடுகிறேன். 1940களின் பிற்பகுதியில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து மஹிந்திரா இங்கே பூட்ட ஆரம்பித்தது. அந்த வம்சம் சி.ஜே. 3பி, எம்.எம். 540, கமாண்டர் என்று கிளைவிட்டது. போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் குடும்பம்தான். இதில் இன்ஜின், கியர்பாக்ஸ், அதன் முதுகில் ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ். அங்கிருந்து பின்னால் ஒரு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், முன்னால் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு முனையிலும் யூ.ஜே. கிராஸ். நடுங்குவதற்கு இத்தனை இடம் இருக்கும்போது, டயரை மட்டும் சந்தேகப்படுவது அநியாயம்.

மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, நடுக்கம் வண்டியின் வேகத்தோடு போகிறதா, இன்ஜினின் வேகத்தோடு போகிறதா? சமதளமான, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் நடுக்கம் வரும் வேகத்துக்குப் போய், நியூட்ரலில் உருளவிடுங்கள் (தயவுசெய்து இறக்கத்தில் வேண்டாம்). இன்ஜின் சத்தம் அடங்கியும் நடுக்கம் தொடர்ந்தால் இன்ஜினும் கிளட்சும் அனேகமாக நிரபராதிகள். குற்றவாளி டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு அந்தப் பக்கம்.

இரண்டு, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, காலை எடுத்ததும் வருகிறதா, இரண்டிலும் ஒரே மாதிரியா? ஷாஃப்ட் பேலன்ஸ் கெட்டிருந்தால் அதற்கு மிதித்தாலும் விட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் வந்தால் ஜாயிண்ட், கோணம், பினியன் பேரிங் என்று தேட வேண்டும். மிதிக்கும்போது பின் ஆக்சில் மூக்கைத் தூக்கும், ஷாஃப்டின் கோணம் மாறும், தேய்ந்த ஜாயிண்ட் அப்போதுதான் வாயைத் திறக்கும்.

மூன்று, எங்கே உணர்கிறீர்கள்? ஸ்டியரிங்கில் ஆடினால் முன் சக்கரம், டை ராட், கிங் பின் பேரிங். சீட்டிலும் தரையிலும் விர்ர்ர் என்று வந்தால் ஷாஃப்ட்.

இப்போது கொஞ்சம் கணக்கு. (பயப்படாதீர்கள், பெருக்கல் மட்டும்தான்.) 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.25 மீட்டர் உருளும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 16.7 மீட்டர். அதாவது டயர் நொடிக்கு ஏழு சுற்றுக்கு மேல். சி.ஜே. 3பி ஆக்சிலின் விகிதம் 5.38. எனவே ஷாஃப்ட் நொடிக்கு சுமார் 40 சுற்று. கோணத்தில் ஓடும் யூ.ஜே. கிராஸ் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உதறும், ஆக நொடிக்கு 80. ஏழு என்றால் உடம்பு குலுங்கும், விரல் விட்டு எண்ணிவிடலாம் போலிருக்கும். நாற்பது என்றால் தரை அதிரும். எண்பது என்றால் அது நடுக்கமா சத்தமா என்றே தெரியாத ஒரு ரீங்காரம். பேலன்சிங் மெஷினால் முதலாவதைத்தான் சரிசெய்ய முடியும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த வண்டியில் டாப் கியர் நேரடி ஓட்டம். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஹை ரேஞ்சிலும் அப்படியே. அதனால் டாப் கியரில் இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகம். நாலு சிலிண்டர் இன்ஜினும் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவைதான் வெடிக்கும். அதுவும் 80! ஜாயிண்டின் உதறலும் இன்ஜினின் துடிப்பும் ஒரே ராகம். எவ்வளவு பெரிய மெக்கானிக்கின் காதானாலும் டாப் கியரில் இதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். அதே வேகத்தில் ஒரு கியர் கீழே வந்தால் இன்ஜின் ராகம் ஏறும், ஜாயிண்ட் அதே சுருதியில் நிற்கும். குட்டு உடைந்துவிடும். மொபைல் செயலியில் அளக்கலாமே என்பவர்களுக்கு: நொடிக்கு 100 முறை மட்டும் பதிவு செய்யும் செயலியில் 80 என்ற அதிர்வு 20 என்று பொய்யாகத் தெரியும். கியர் லீவர் பொய் சொல்லாது :-)

அடுத்து, காசில்லாத சோதனைகள். ரிம்மின் உள்பக்கம் காய்ந்த சேறு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். வயலில் இறங்கிய ஜீப்புக்கு இதுவே பாதி நோய். வண்டியை நிறுத்தி, டயருக்குக் கல் வைத்து, அடியில் படுத்து ஷாஃப்டைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். கிராஸில் ஆட்டம் இருக்கிறதா? கப்பைச் சுற்றிச் செந்தூரம் மாதிரி துருப்பொடி இருக்கிறதா? இருந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்து ஊசி பேரிங் காய்ந்துவிட்டது. பிறகு முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு டூ-வீல் டிரைவில் ஓட்டிப் பாருங்கள். பல பழைய ஜீப்புகளில் ஃப்ரீ வீல் ஹப் கிடையாது, முன் ஷாஃப்ட் வேலை இல்லாமலேயே எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். கழற்றியதும் நடுக்கம் போனால் வழக்கு முடிந்தது. செலவு, எட்டு நட்டு.

கழற்றும்போது ஒன்று முக்கியம். பெயின்ட்டால் இரண்டு பக்கமும் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். நம் வகுப்பில் தியரி ஆஃப் மெஷின்ஸ் பேப்பரில் ஹூக்ஸ் ஜாயிண்ட் கணக்கு போட்டிருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஜாயிண்ட் 10 டிகிரி கோணத்தில் சுற்றினால் வெளியே வரும் வேகம் சுமார் 1.5 சதவீதம் ஏறி இறங்கும். 20 டிகிரி என்றால் 6 சதவீதம். கோணம் இரண்டு மடங்கு, உதறல் நாலு மடங்கு! முன்முனை ஜாயிண்ட் செய்யும் இந்தக் கலாட்டாவைப் பின்முனை ஜாயிண்ட் ரத்து செய்யும், ஆனால் இரண்டு யோக்கும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான், இரண்டு கோணமும் சமமாக இருந்தால்தான். ஸ்ப்ளைனில் ஒரு பல் தள்ளிப் பூட்டிவிட்டால், நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி இன்று நடுங்கும். கிளட்ச் வேலை முடிந்து வந்த வண்டியில் புதிதாக நடுக்கம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பார்வைக்குக் கம்பீரமாக இருக்கட்டும் என்று பட்டை கூட்டி வண்டியை உயர்த்துகிறவர்களும் இந்த 10, 20 கணக்கை ஒரு தரம் பார்க்கலாம். 80 அங்குல வீல்பேஸ் வண்டியில் ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டை, கோணம் ஏற்கெனவே அதிகம்.

"சரிப்பா, கொஞ்சம் நடுங்கினால் என்ன, பழைய வண்டிதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் இந்தப் பத்தி. வில்லிஸ் வழி வந்த ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் டிரம் பின் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்வாயில், ஷாஃப்ட் ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கிறது. மலை இறக்கத்தில் டூ-வீல் டிரைவில் வரும்போது பின் ஷாஃப்டின் கிராஸ் உடைந்தால், கியர் பிடிக்கும் பிடிமானம் போய்விடும், அதே நொடியில் ஹேண்ட் பிரேக்கும் போய்விடும். மிச்சம் கால் பிரேக் மட்டும். முன்முனை உடைந்தால் ஷாஃப்ட் ரோட்டில் குத்தும். போடிமெட்டு இறக்கத்தில், பின்னால் பத்து பேர் உட்கார்ந்திருக்கும் ஜீப்பில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்த கிராஸ் உடைவதற்குப் பல நாள் முன்பிருந்தே பெரும்பாலும் தகவல் சொல்லிக்கொண்டிருக்கும். வண்டி எடுக்கும்போது ஒரு "க்ளிங்", மெதுவாகப் போகும்போது எலி கத்துவது மாதிரி ஒரு சத்தம், அப்புறம் நடுக்கம். நாமோ அந்த நேரத்தில் டயர் கடையில் நிற்கிறோம்.

இதற்கெல்லாம் மெக்கானிக்கைத் திட்டுவது சுலபம். நான் திட்ட மாட்டேன். நாம் அவருக்கு எதற்குக் கூலி கொடுக்கிறோம்? பாகத்துக்கும், அதை மாட்டியதற்கும். ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டிப் பார்த்து, கீழே படுத்து, "ஒண்ணும் மாத்த வேண்டாம் சார், ஷாஃப்டைத் திருப்பிப் பூட்டினேன், சரியாயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால், "இதுக்கா ஐநூறு ரூபாய்?" என்று கேட்கிறவர்கள்தானே நாம்? டாக்டருக்குப் பார்க்கும் ஃபீஸ் கொடுக்கிறோம், மெக்கானிக்குக் கொடுப்பதில்லை. பிறகு அவர் எதற்காக யோசிக்க வேண்டும்? மாற்றினால்தான் கூலி என்றால் மாற்றத்தான் செய்வார்.

ஆகவே அடுத்த முறை ஜீப்பு நடுங்கினால் ஷெட்டுக்குப் போய் "பேலன்சிங் பண்ணுங்க" என்று சொல்லாதீர்கள். எந்த வேகத்தில் வருகிறது, நியூட்ரலில் நிற்கிறதா, மிதித்தால் கூடுகிறதா, ஒரு கியர் கீழே வந்தால் மாறுகிறதா, கடைசியாக எதைக் கழற்றிப் பூட்டினார்கள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "கண்டுபிடிச்சுச் சொல்லுங்கண்ணே, அதுக்குத் தனியா கொடுத்துடறேன்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் யார் என்பது அப்போது தெரிந்துவிடும். டயர் காசும் மிச்சமாகும்.