பிஞ்சு மூளை விஷயத்தில் இந்த மெத்தனம் கூடாது

2024 மே மாதம், கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில், கையிலிருந்த ஆறாவது விரலை எடுக்க வந்த நான்கு வயதுச் சிறுமிக்கு நாக்கில் அறுவை செய்தார்கள். தவறு தெரிந்ததும் அன்றே மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய் விரலை எடுத்தார்கள். மருத்துவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். கத்தி இடம் மாறியதைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. சின்னஞ்சிறு உடம்பு தேவையில்லாமல் தாங்க வேண்டிவந்த மயக்க மருந்தைப் பற்றி யார் பேசினார்கள்?

பேசியிருக்க வேண்டும். பிறந்து ஏழே நாளான எலிக்குட்டிகளை ஆறு மணி நேரம் மயக்கத்தில் வைத்தால் மூளைச் செல்கள் மடிகின்றன என்று 2003இலேயே ஆய்வு வந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்க மருந்து கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. பெற்றோர் பீதியடையத் தேவையில்லை. ஏழு நாடுகளில், குடலிறக்க அறுவைக்கு வந்த 722 கைக்குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஒரே மயக்கத்தால் ஐந்து வயதில் அறிவுத்திறன் குறையவில்லை என்று 2019இல் சொன்னது. பலமுறை மயக்கம் பெற்ற குழந்தைகளிடம்தான், சிந்தனை வேகத்திலும் கைவிரல் நுண்வேலையிலும் சிறு பின்னடைவை மேயோ கிளினிக் ஆய்வு 2018இல் கண்டது. அவசர அறுவையை எவரும் தள்ளிப்போடக் கூடாது. தள்ளிப்போடக்கூடியதை அவசரப்படுத்துவதையும், ஒரே மயக்கத்தில் முடிக்கக்கூடிய ஸ்கேனையும் அறுவையையும் இரண்டாகப் பிரிப்பதையும்தான் கண்டிக்கிறோம்.

அதைவிடக் கொடுமை அறுவைக்கு முந்தைய பட்டினி. "ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணிகூடக் கூடாது" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. திருவனந்தபுரம் வலியசாலை அக்ரகாரத்திலிருந்து விடியுமுன் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போன குழந்தையை மதியம்வரை பெயர் கூப்பிடாமல் வைத்திருந்தால் என்ன ஆகும்? உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுவிடுகிறது. உடம்பில் நீர் வற்றி, ரத்தச் சர்க்கரையும் இறங்கிய நிலையில் மயக்கம் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிகிறது. மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் போய்ச் சேர்வதில்லை. மருந்தைக் காட்டிலும் இந்தச் சரிவே உடனடி ஆபத்து. தெளிந்த நீர் இரண்டு மணி நேரம் முன்புவரை, தாய்ப்பால் நான்கு மணி நேரம் முன்புவரை தரலாம் என்பது உலகமறிந்த நடைமுறை. அதை நேரம் குறித்து எழுதித் தர ஒரு துண்டுச் சீட்டு போதும். அந்தச் சீட்டுக்கும் வழியில்லையா?

ஒப்புதல் படிவமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். "இங்கே ஒரு கையெழுத்து" என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. விவரம் தெரிந்து தருவதே ஒப்புதல் என்று சமீரா கோலி என்ற நோயாளியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியிலேயே தீர்ப்பளித்துவிட்டது. கேரளச் சுகாதாரத் துறை இனியும் சாக்குச் சொல்லக் கூடாது. மயக்கம் கொடுப்பவர் யார், எத்தனை நேரம், தள்ளிப்போட முடியுமா என்பதை முந்தைய நாளே மயக்கவியல் மருத்துவர் பெற்றோரிடம் நேரில் சொல்ல வேண்டும். முன்பு பெற்ற மயக்கங்களின் குறிப்பு குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே ஏற வேண்டும். பல் மருத்துவமனைக்கும் எம்.ஆர்.ஐ. மையத்துக்கும் இதே விதிதான்.

எழுதித் தருவது மலையாளத்தோடு தமிழிலும் இருக்கட்டும். தலைமைச் செயலகத்துக்குத் தமிழில் கடிதம் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமையை 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இம்மாநிலத் தமிழருக்குத் தந்திருக்கிறது. பெற்ற பிள்ளையைத் தியேட்டர் வாசலில் ஒப்படைக்கும் தாய்க்கு அந்த அளவு மரியாதைகூடக் கிடையாதா? சுகாதாரத் துறை உடனே உத்தரவு போட வேண்டும்.